மோர் குடித்தால் கை நனையாது

நிச்சயம் முடிந்த மறுநாளிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ரெண்டு பேரும் எங்க பாத்துக்கிட்டீக?" லைப்ரரியில் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். படிக்கப் போன இடத்தில் படிக்கவும் செய்தோம் என்பதை யாரும் நம்புவதாக இல்லை. பார்த்த கதை உண்மையில் சின்னது. பார்த்ததற்கும் தாம்பூலத் தட்டு மாற்றியதற்கும் நடுவில் போன ஐந்து வருஷம்தான் பெரிய கதை. அதில் நாங்கள் சறுக்கிய இடங்களைச் சொன்னால், இதே வழியில் நிற்கிற இரண்டு பேருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

எனக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்பா பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். 2019-இல் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதி, கட்ஆஃப் பக்கத்தில்கூடப் போகாமல், "ஒரு வருஷம் மெட்ராஸ்ல இருந்து படிக்கேன்" என்று அழுது அடம்பிடித்துக் கிளம்பினேன். நான் மூட்டை கட்டிய அதே நவம்பரில் எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டமானது. நடப்பு நிகழ்வுகளில் கேட்பான் என்று அதையும் தேதியோடு மனப்பாடம் செய்துவைத்தேன்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க ஒரு பகுதி உண்டு. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் வீடு. காலையில் கதவு திறக்கும் முன்பே வரிசை நிற்கும். பிளக் பாயின்ட் இருக்கிற மேசை கிடைத்தால் அன்றைக்கு ராஜ யோகம். அப்படி ஒரு யோகத்தில் நான் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் வந்து, "ஏனுங்க, இதுல சார்ஜர் போட்டுக்கலாங்களா?" என்றார். எங்கள் ஊரில் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் கடன் கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சத்தியமங்கலத்துக்காரர் என்பதும், அந்த 'ங்க' அவர்கள் ஊர்த் தண்ணீரிலேயே இருக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அவர் தமிழ் இலக்கியம் படித்தவர். நான் பி.எஸ்சி. கணக்கு. குரூப் 4 வினாத்தாளில் 200 கேள்வி; அதில் தமிழ் 100, கணக்கு 25. எனக்குப் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களை வரிசையாகச் சொல்ல வராது. அவருக்குக் கூட்டு வட்டி என்றால் கண் இருட்டும். ஆக, பண்டமாற்று. மதியம் ஒரு மணி நேரம் அவர் எனக்கு இலக்கணம், சாயங்காலம் டீக்கடையில் நான் அவருக்கு 'ஒரு வேலையை அ 12 நாளில் முடிப்பார்'. அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டேன். அங்கே மூத்தவர்கள் எல்லாருமே அண்ணா, அக்காதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நூலகம் மூடியது, ஹாஸ்டல் காலியானது, ஆளுக்கொரு திசையாக ஊருக்குப் போனோம். அப்புறம் தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் 25 கணக்கு அனுப்புவேன். அவர் போட்டு, பேப்பரைப் படம் எடுத்து அனுப்புவார். காதல் எப்போது வந்தது என்று கேட்டால் எனக்கு நாள் தெரியாது. ஒரு நாள் அந்தப் பேப்பர் வரவில்லை. காய்ச்சலாம். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்பதை எங்கள் அம்மா கவனித்தார். நானே அப்போதுதான் கவனித்தேன். அந்த வாரத்தோடு 'அண்ணா' தானாகவே நின்றுவிட்டது.

அவர் கேட்டது 2021-இல். நூலகம் மறுபடி திறந்திருந்தது. கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தில், மாதிரி வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். "கூற்று: நாம் இருவரும் திருமணம் செய்துகொள்ளலாம். காரணம்: நமக்கு ஒருவரையொருவர் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாகத் தெரியும்." கீழே வழக்கமான நான்கு விடைகள், கூடவே ஐந்தாவது வட்டம். தேர்வு எழுதாதவர்களுக்குச் சொல்கிறேன்: 2020-இல் விடைத்தாள் முறை மாறியபோது வந்தது அந்த ஐந்தாவது வட்டம். விடை தெரியவில்லை என்றால் காலியாக விடக் கூடாது, அதை நிரப்ப வேண்டும். நான் அதைத்தான் நிரப்பிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

பதினோரு நாள் கழித்து விடையை மாற்றினேன். கூற்று சரி, காரணம் தவறு. இரண்டு வருஷமாகத் தெரியும் என்பது ஒரு காரணமே இல்லை. ஒரு மனுஷன் திருக்குறள் எப்படிச் சொல்லிக்கொடுப்பார் என்று தெரிவதும், அவர் வீட்டுக் கடன் எவ்வளவு என்று தெரிவதும் வேறு வேறு. அந்தப் பதினோரு நாளில் ஒரு 40 பக்க நோட்டில் கேள்விகளை எழுதியிருந்தேன். வீட்டில் யார் யாரை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்? கடன் எவ்வளவு, யார் பேரில்? அடகில் என்ன இருக்கிறது? வேலை கிடைத்து ஆளுக்கொரு மாவட்டத்தில் போட்டால் என்ன செய்வது? எத்தனை வயது வரை தேர்வு எழுதிக்கொண்டிருப்பது? அவர் நோட்டை வாங்கிப் போய் மூன்று நாளில் எழுதிக் கொடுத்தார். அப்பா பேரில் கூட்டுறவு வங்கியில் பயிர்க் கடன், அம்மாவின் தோடும் செயினும் அடகில், கல்லூரிக்கு வாங்கிய கல்விக் கடனில் பாதி பாக்கி. எல்லாவற்றுக்கும் தொகையோடு. நானும் என் பக்கத்தை எழுதினேன்: கல்யாணத்துக்கு ஒரு தங்கை, அப்பாவுக்குச் சர்க்கரை, சேமிப்பு பூஜ்யம். பணத்தைப் பற்றிப் பேசினால் காதல் கெட்டுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. எங்களுக்கு அதற்கு நேர்மாறாகத்தான் நடந்தது. அடகுச் சீட்டு எண்ணைக்கூட மறைக்காமல் எழுதியவரிடம் வேறு எதைச் சோதிக்க?

2022 ஜூலையில் குரூப் 4 எழுதினேன். 2023 மார்ச்சில் முடிவு வந்தது, எனக்குக் கிடைத்தது. அவர் குரூப் 2, 2ஏ பக்கம் போயிருந்தார். அதில் முதன்மைத் தேர்வே அப்போதுதான் முடிந்திருந்தது. அதாவது பெண்ணுக்கு வேலை உறுதி, பையனுக்கு இன்னும் இல்லை. இந்த நிலையில்தான் வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. காத்திருந்திருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் வேலை கிடைத்த பெண்ணுக்கு எங்கள் பக்கம் வரன் எப்படிக் கொட்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

யாரிடம் முதலில் சொல்வது? எல்லாரும் அம்மா என்பார்கள். நான் அத்தையிடம் சொன்னேன், அப்பாவின் அக்காவிடம். எனக்கு முறைப்பையன் அங்கேதான் இருந்தான். அவனுக்கும் எனக்கும் அப்படி ஒரு எண்ணம் எந்தக் காலத்திலும் இல்லை. ஆனால் அத்தைக்கு ஒரு நினைப்பு உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். ஊர் வாயால் கேள்விப்பட்டிருந்தால் அத்தை ஆயுசுக்கும் எங்கள் வீட்டு வாசல் மிதித்திருக்க மாட்டார். வருத்தப்பட யாருக்கு உரிமை அதிகமோ அவர்களிடம் முதலில் போவது என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. அத்தை ரொம்ப நேரம் வெற்றிலையையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "ஏளா, என்கிட்ட மொதல்ல வந்து சொன்னியே, அதுக்காவ ஒங்கப்பன்கிட்ட நான் பேசுதேன்" என்றார்.

பேசினார். அப்பா நான்கு மாதம் என்னோடு பேசவில்லை.

சாதி வேறு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் பொய்யாகிவிடும். இரண்டும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவைதான். எங்களுக்கு மிரட்டல் வரவில்லை, யாரும் கதவைப் பூட்டவில்லை. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை. இரண்டு வீட்டாரும் ஊர்க்கணக்கில் ஏறக்குறைய ஒரே படியில் நிற்கிறார்கள் என்பதுதான் காரணம். அதே நூலகத்தில் எங்களோடு படித்த ஒரு தோழிக்கு இந்தப் பொறுமை எதுவும் கிடைக்கவில்லை. அவள் காதலித்தவர் பட்டியல் சாதி. அவளிடம் போய் 'அத்தையிடம் முதலில் சொல்' என்று சொல்வதற்கு எனக்கு வாய் வராது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். அவர்களுக்குப் பயமே அந்த அறிவிப்புதான். இருவரும் இந்துக்கள் என்பதால், இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி சுயமரியாதைத் திருமணம் செய்து பதிந்தார்கள். அதற்கு அறிவிப்பும் இல்லை, புரோகிதரும் வேண்டாம். ஊரைக் கூட்டிச் செய்ய வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆபத்து இருக்கிற இடத்தில் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். சொந்தக்காரர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா மௌனத்தை உடைத்தது ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தப் பையன் வீட்ல என்ன பண்ணுதாக?"

"மல்லித் தோட்டம் வச்சிருக்காக."

"எந்த மார்க்கெட்டுக்குப் போடுதாக?"

"சத்தியமங்கலம்."

"ம்."

அவ்வளவுதான். ஆனால் அடுத்த நாள் யாரிடமோ போனில் சத்தியமங்கலம் மல்லி விலை விசாரித்துக்கொண்டிருந்ததாகத் தங்கை சொன்னாள்.

அந்தப் பக்கம் தடை வேறு மாதிரி. அவர் அம்மாவுக்குச் சாதியைவிடப் பெரிய கவலை, வேலைக்குப் போகிற பெண் தங்களை மதிக்க மாட்டாள் என்பது. விடியற்காலை மூன்று மணிக்குத் தலையில் லைட் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கப் போகிறவர் அவர். "பையன் இன்னும் படிச்சிட்டு இருக்கான், புள்ள சம்பளம் வாங்கறா, நம்மள எப்படிங்க மதிப்பா?" என்று அழுதாராம். இதற்கு நாங்கள் இருவரும் போனில் சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை.

எடுபட்டது பவானிசாகர். வேலையில் சேர்ந்தபின் இளநிலை உதவியாளர்களுக்கு அடிப்படைப் பயிற்சி உண்டு. 2024-இல் என்னை பவானிசாகர் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அணை இருக்கிற அதே ஊர். அவர் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மா, மகனிடம்கூடச் சொல்லாமல், தூக்குச்சட்டியில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். வாழை இலையில் சுற்றிய மல்லி வேறு. "ஹாஸ்டல்ல சோறு நல்லாப் போடறாங்களா கண்ணு?" என்றுதான் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

எனக்கு ஒரு பழக்கம். கையில் மல்லி வந்தால் மொட்டை அழுத்திப் பார்ப்பேன். கடையில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "முதல் தரம்தான். ஆனா கொஞ்சம் லேட்டாப் பறிச்சிருக்கீங்க அத்தை." சொன்ன பிறகுதான் இரண்டு தப்பு தெரிந்தது. குறை சொல்லிவிட்டேன். கூடவே 'அத்தை' என்றும் சொல்லிவிட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "இன்னைக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு விடிஞ்சப்புறம் பறிச்சேன், கண்டுபுடிச்சுட்டயே" என்று சிரித்தார். ராத்திரி வீட்டில் போய், "நம்ம வேலை தெரிஞ்ச புள்ளைங்க" என்று மாமாவிடம் சொன்னாராம். எங்கள் இரண்டு வருஷப் பேச்சு செய்யாததை ஒரு பிடி மொட்டு செய்தது.

அதே ஆண்டு அவருக்கும் 2ஏ-வில் வேலை வந்தது. ஜாதகம் பார்த்தார்கள். அதைப் பற்றி ஒரே ஒரு யோசனை: இரண்டு வீடும் ஒத்துக்கொண்ட ஒரு ஜோசியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் அம்மா மனசு கேட்காமல் ரகசியமாக இரண்டாமவரிடம் போய், அவர் மாற்றிச் சொல்லி, ஒரு மாதம் வீணாகப் போனது.

கார்த்திகையில் மாப்பிள்ளை வீடு பார்க்க வேன் பிடித்துப் போனோம். விடிகாலை கிளம்பியும் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அவர் அம்மா, அதாவது என் புது அத்தை, ஒப்புட்டு சுட்டு, இலை போட்டு வைத்திருந்தார். எங்கள் பெரியப்பா திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டு, "முடிவாகாம கை நனைக்கப் படாது" என்றார். பெரியவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் அது ஒரு கட்டு; சம்பந்தம் பேசி முடியாத வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அந்த வீட்டிலோ, பசியோடு வந்தவர்கள் இலையைப் பார்த்துவிட்டு உட்காராவிட்டால் 'உன் வீட்டுச் சோறு எனக்கு ஆகாது' என்று சொன்னதாக அர்த்தம். சாதி வேறு என்று எல்லார் மனசிலும் இருக்கிற நேரத்தில் அந்த அர்த்தம்தான் முதலில் போய்க் குத்தும். அத்தை முகம் சுருங்கிவிட்டது. நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றோம். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது நான். எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. நம் வீட்டு வழக்கம் நம் கண்ணுக்கு வழக்கமாகவே தெரியாது, அதுதான் சிக்கல்.

மூலையில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் பாட்டிதான் வாயைத் திறந்தார். "மோர் குடிச்சா கை நனையாதுங்களே?"

டம்ளரில் குடித்தால் கை எங்கே நனைகிறது? பெரியப்பா யோசித்தார். மறுக்க வழி இல்லை. எல்லாருக்கும் மோர் வந்தது. இரண்டாம் டம்ளருக்கு அப்பாவும் மாமாவும் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

"நீங்க கமிஷன் எவ்வளவுங்க புடிக்கிறீங்க?" என்றார் மாமா. பூ போடுகிறவனுக்கும் கமிஷன் கடைக்காரனுக்கும் உலகம் முழுக்க உள்ள பகை அந்தக் கேள்வியில் இருந்தது. அப்பா விடவில்லை. ஈரத் துணி போட்டு எடை ஏற்றுகிற விவசாயிகள் பற்றி ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் காரசாரமாக ஓடியது. இனி முடிந்தது கதை என்று நான் நினைத்தேன். எழுந்திருக்கும்போது அப்பா, "சரி, தை பொறந்ததும் வச்சுக்கிடலாம்" என்றார். பெரியப்பா அப்போதே இலையில் போய் உட்கார்ந்துவிட்டார், பசி அவருக்கும்தானே.

அடுத்து வந்த குழப்பங்கள் எல்லாம் வார்த்தைக் குழப்பங்கள். அத்தை போனில், "உப்புச் சக்கரை மாத்திக்கலாங்க" என்று சொல்ல, அது அவர்கள் பக்கம் நிச்சயத்தில் செய்கிற சடங்கு என்று தெரியாமல், எங்கள் அம்மா மளிகைப் பட்டியலில் எழுதிக்கொண்டு "எத்தனை கிலோ மதினி?" என்று கேட்டார். அது சிரிப்போடு போனது. இன்னொன்று காசோடு போனது. எங்கள் வீட்டில் நிச்சயம் பெண் வீட்டுச் செலவு. அவர்கள் வீட்டில் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. இரண்டு பேருமே தங்கள் பொறுப்பு என்று நல்ல மனசோடு நினைத்துக்கொண்டு, ஆளுக்கொரு சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். மாமா கொடுத்த 5,000 திரும்பவில்லை.

அதன் பிறகு அந்த 40 பக்க நோட்டை மறுபடி எடுத்தோம். ஒவ்வொரு சடங்கின் பேரையும் எழுதி, உங்கள் வீட்டில் இதற்கு என்ன அர்த்தம், எங்கள் வீட்டில் என்ன, யார் கொண்டுவருவது, யார் காசு, எத்தனை தட்டு என்று கட்டம் போட்டோம். தெரியாததை அந்தந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நிரப்பினோம். வேறு வேறு ஊர்க்காரர்கள் என்றால் இதை முதல் பேச்சுவார்த்தைக்கு முன்பே செய்துவிடுங்கள். சாப்பாடு இலைக் கணக்கு என்றால், ஒவ்வொரு பந்திக்கும் இலை எண்ண உங்கள் பக்கத்து ஆள் ஒருவரை நிறுத்துங்கள். நாங்கள் 150 பேர் என்று சொல்லி 230 இலை விழுந்தது. எண்ணியது என் முறைப்பையன், அதனால் சண்டை வரவில்லை.

தங்கப் பேச்சு வந்தே தீரும். அவர் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "புள்ளைக்கு எத்தனை பவுனுங்க போடறீங்க?" என்று சபையில் கேட்டார். பவுன் 60,000 ரூபாயைத் தாண்டிய வாரம் அது. அப்பா வாயைத் திறக்கும் முன் மாப்பிள்ளையே சொன்னார்: "நாங்க ரெண்டு பேரும் அரசு ஊழியருங்க. வரதட்சணை கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாதுன்னு நடத்தை விதியிலயே இருக்குங்க, 1973." அந்த ஆண்டைச் சொன்னதுதான் பெரியவரை அடக்கியது என்று நினைக்கிறேன். எங்கள் இருவருக்கும் ஆளுக்கு அரைப் பவுன் மோதிரம், அதோடு சரி.

அப்பா பஞ்சாங்கம் பார்க்க மாட்டார். மல்லி விலையைப் பார்த்தே எது பெரிய முகூர்த்தம் என்று சொல்லிவிடுவார். எல்லாரும் போட்டி போடுகிற நாளை விட்டுவிட்டு, வளர்பிறையில் ஒரு சாதாரண நாளைத் தேர்ந்தெடுத்தார். மண்டபம் பாதி வாடகைக்குக் கிடைத்தது. ஆனால் தைப் பனியில் மல்லி வரத்து குறைவு; எந்த நாள் வைத்தாலும் கிலோ ஆயிரத்துக்கு மேல்தான். "பூவுக்கு நீங்க செலவு பண்ணக் கூடாதுங்க" என்று சொல்லியிருந்த மாமா, ராத்திரி பஸ்ஸில் இரண்டு பெட்டி மல்லியோடு வந்து இறங்கினார்.

தட்டு மாற்றுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மேடைக்குப் பின்னால் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அப்பா கடையிலிருந்து தராசைக் கொண்டுவந்து வைத்திருந்தார். பழக்கதோஷம். பெட்டியை நிறுத்து, சீட்டில் எடையை எழுதி, விலை போட்டு, கமிஷன் இடத்தில் ஒரு கோடு இழுத்து மாமாவிடம் நீட்டினார். மாமா சீட்டை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார்.

"சம்பந்தி, எடை முக்கால் கிலோ குறையுதுங்களே?"

"பனி காஞ்சிருக்கும்" என்றார் அப்பா.